மூடிக்குள் அடங்கும் ஊர்கள்

சனிக்கிழமை மதியம் இரண்டுக்கு
மீன்டப்பாத் தொழிற்சாலையில் எனக்குச் சங்கு ஊதும்.
ஞாயிறு இரவு எட்டுக்கு
ப்ரெய்ஷோ ஆம்புலன்ஸ் ஓட்டப் போக வேண்டும்.
நடுவில் முப்பது மணி நேரம்,
பதினைந்து நாளுக்கு ஒரு முறை.

வண்டி, பழைய ரொட்டி வண்டி.
வெள்ளைச் சாயத்துக்கு அடியிலிருந்து
முந்தைய முதலாளியின் பெயர்
ஈரமான நாட்களில் மட்டும் மேலே வரும்.
எங்கள் கலீசியாவில் எல்லா நாளும் ஈரம்தான்.
வழியில் கைகாட்டி நிறுத்தி
இரண்டு ரொட்டி கேட்டவர்கள் உண்டு.
ஒரு முறை கொடுத்தும் இருக்கிறோம்.

முதல் பயணத்தில் பேராசை.
மலை பார்க்கக் கிழக்கே
முந்நூற்று எண்பது கிலோமீட்டர்.
மலை மேகத்துக்குள் இருந்தது.
நாங்கள் பெட்ரோல் பங்க்கில் இருந்தோம்,
லாரிகளின் பெருமூச்சுக்கு நடுவே
ஆறிய காப்பியும் அரைத் தூக்கமுமாக.
திரும்பும்போது லூகோ வரை பேச்சில்லை.
லூகோவில் நான் "இடது" என்றேன்,
அவன் "தெரியும்" என்றான்.

அன்று ராத்திரி, கோபம் அடங்காமல்,
வரைபடத்தை மேஜையில் விரித்து
எங்கள் வீட்டின் மேல்
சூப்புப் பாத்திரத்தின் மூடியைக் கவிழ்த்தேன்.
பென்சிலால் சுற்றி ஒரு கோடு.
இதைத் தாண்டுவதென்றால்
நீ தனியாகப் போ.

நாற்பது வருஷமாகக் குடியிருக்கும் பக்கம்,
கோடு மட்டும்தான் புதிது.
தைல மரங்களுக்குள் பூட்டிக் கிடந்தது ஒரு மாவு ஆலை;
தண்ணீர் மட்டும்
இன்னும் வேலைக்கு வந்துகொண்டிருந்தது.
ஒரு தேவாலயத்தின் பின்சுவரோரம்
விடியலில் யாருடைய கழுதையோ
ஜன்னலுக்குள் மூக்கை நீட்டி
ப்ரெய்ஷோவின் சாக்ஸைத் தின்றது.
இடதுகால் சாக்ஸ். வலதை முகர்ந்துவிட்டு விட்டுவிட்டது.

இப்போது போர்வையை வண்டியிலிருந்து இறக்குவதில்லை.
தீப்பெட்டி, வெங்காயம், ஒரே ஒரு கரண்டி
அங்கேயே குடியிருக்கின்றன.
வீட்டில் உப்பு தீர்ந்தாலும்
வண்டி உப்பில் கை வைக்கக் கூடாது.
(ஒரு முறை வைத்தேன்.
அடுத்த சனிக்கிழமை உருளைக்கிழங்கு சாட்சி சொன்னது.)
இருட்டும் முன் நிறுத்திவிட வேண்டும்.
முதலில் அடுப்பு. அப்புறம் அழகு.

போன நவம்பரில்
யாருக்கோ காய்ச்சல் வந்து
முப்பது மணி நேரம் பதினொன்றானது.
சாவியை ஆணியில் மாட்டப் போனவன்
மாட்டாமல் நின்றான்.
பதினொன்றும் ஒரு எண்தானே என்றேன்.

கடற்கழியின் அக்கரைக்குப் போனோம்,
பாலம் வழியே பத்தொன்பது நிமிடம்.
சிப்பி வளர்க்கும் மிதவைகள்
இருட்டில் மேய்வதுபோல் அசைந்தன.
கூரையில் மழை பட்டாணி கொட்டியது.
வெங்காயம் வதக்கி முடித்துக் கதவைத் திறந்தால்
தண்ணீர்; தண்ணீருக்கு அப்பால்
எங்கள் ஊர், ஒரு கைப்பிடி விளக்கு.

அதில் ஒன்று மட்டும் மஞ்சளாக.
யார் வீடு அது, இந்த நேரத்தில் விழித்துக்கொண்டு?
நான் எண்ணிப் பார்த்தேன்:
மணிக்கூண்டு, மருந்துக்கடை, படிக்கட்டு,
நம் சமையலறை.
நீதான் அணைக்கவில்லை.
நீதான்.

சண்டை போட இடம் பத்தாது,
படுக்கையின் அகலம் நூற்றிருபது சென்டிமீட்டர்.
போர்வைக்குள்ளிருந்து
அடுத்தவர் வீட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தோம்.
அங்கே யாரோ பாத்திரம் கழுவாமல் போட்டிருப்பார்கள்.
மின்கட்டணத்தைப் பார்த்து முணுமுணுத்திருப்பார்கள்.
"நல்லவர்களாகத்தான் தெரிகிறார்கள்" என்றான்.
"தூரத்திலிருந்து" என்றேன்.

ஐந்துக்கு அலாரம்.
பாலத்தில் பனி; பேச்சில்லை,
ஆனால் இது வேறு மாதிரியான பேச்சின்மை.
வெங்காய வாசனை
அவன் சீருடைக்குள் ஏறியிருந்தது.

அன்று அவன் ஏற்றிப்போன முதல் நோயாளி,
எண்பது வயதுக்காரி,
ஸ்ட்ரெச்சரில் கண்ணை மூடியபடியே கேட்டாளாம்:
"என்ன சமையல்?"